ஏகமனதாக

வாங்கம்மிணி, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, இங்க யாரு கூட்டித் தொடைச்சு வெச்சிருக்காங்க. மேடம்னு கூப்புட நாக்கு வரமாட்டீங்குது, தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்க பக்கத்துல மக வயசுல யாரு வந்தாலும் அம்மிணிதான், கலெக்டரா இருந்தாலும்.

நீங்க பேரூராட்சிக்குப் புதுசா வந்த செயல் அலுவலர், நான் தலைவர். நாளைக்கு ஆபீஸ்ல பாத்துக்கலாம்னு இருந்திருக்கலாம். ஞாயித்துக்கெழம மெனக்கெட்டு ஊடு தேடி வந்திருக்கீங்க, அதுக்கே ஒரு கும்புடு. குடிங்க, காப்பி ஆறுது. சக்கரை பத்தலீன்னா சொல்லுங்க. எனக்கு நானே போட்டுக் குடிச்சுப் பழகுனதுல மத்தவங்க ருசி மறந்துபோச்சு.

வர்றப்ப சந்தை முக்குல எறங்கித்தான வந்தீங்க? அங்க டீக்கடையில தலைவர் நாச்சிமுத்து ஊடு எதுன்னு கேட்டிருப்பீங்க. தடத்தக் காட்டிப்போட்டு கூட ஒண்ணு சொல்லியிருப்பாங்களே. செத்தவன் மேலயே வஞ்சம் வெச்சிருக்கற ஆளு, பாத்துப் பேசுங்கம்மான்னு. சொன்னாங்களா இல்லீங்களா? உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. இருக்கட்டும். ஊரே சொல்லுது, டீக்கடைக்காரன் மட்டும் சொல்லாம இருப்பானா.

செத்தவன் யாருன்னா அர்த்தனாரி. எனக்கு முன்னால தலைவரா இருந்தவன். இருந்தவருன்னு சொல்லோணும், உங்க முன்னால. ஆனா வாய் கேக்காதுங்க. அதோ ஜன்னல் வழியாப் பாருங்க, எதுத்த சாரியில பச்சைக் கேட்டு தெரியுதுங்களா, அதான் அவன் ஊடு. இத்தன வருசமும் இங்க ஒருத்தன் தும்முனா அங்க கேக்கும்.

வஞ்சம்னு சொன்னாங்கல்ல? நாயத்துக்குப் பாத்தா நான்தான் அவன்மேல பிராது குடுக்கோணும். மன்றக் கூட்டத்துல ஒரு உறுப்பினர் எந்திரிச்சு நின்னு கேள்வி கேட்டா, தலைவர் பதில் சொல்லோணுமா வேண்டாமா? சட்டம் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. நான் கேட்டேன். அவன் பதில் சொல்லல. ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டு அப்படியே போயிட்டான். எதிராளிய நடு ரோட்டுல நிக்க உட்டுப்போட்டு எவனாச்சும் போவானுங்களா?

சரி, மொதல்ல இருந்து சொல்றேன். உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லியே? ஞாயித்துக்கெழமதான.

நானும் அவனும் ஒட்டுக்காப் படிச்சவங்க. ஒட்டுக்காக் கட்சியில சேந்தவங்க. ஒரே சைக்கிள், அவன் மிதிப்பான், நான் பின்னால பசை வாளியக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருப்பேன். சுத்துப்பட்டுல எங்க சுவத்துல போஸ்டர் இருந்தாலும் அது நாங்க ஒட்டுனது. மாப்ளன்னுதான் கூப்புட்டுக்குவோம். சொந்தம் ஒண்ணும் இல்லீங்க, வாய்ப் பழக்கம். அவனுக்குக் குரல் நல்ல கனம். எனக்குக் கேள்வி கேக்கற புத்தி. ரெண்டும் சேந்தா இந்த ஜில்லாவையே ஆண்டிருக்கலாம்.

அப்பறம் கட்சி ரெண்டாப் போச்சு. மேல இருக்கறவங்களுக்குள்ள என்னமோ, கீழ இருக்கற நாங்க பாகம் பிரிஞ்சு நின்னோம். சந்தை முக்குல அன்னைக்கு ஒரே கூட்டம். நான் சூட்டோட சூடா, நான் இந்தப் பக்கம்டான்னு சொல்லிப்போட்டேன். அவன் எங்கூட வருவான்னுதான் நெனைச்சேன். வேற எங்க போவான்? அவன் சைக்கிள ஸ்டாண்டு போட்டு நிறுத்துனான். அப்பறம் சொல்றான், "அப்ப நான் அந்தப் பக்கம் போறேன் மாப்ள."

"ஏன்டா?"ன்னேன்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா ஊருக்கு என்னடா கெடைக்கும்? எந்தக் கட்சி மேல வந்தாலும் இங்க ஒருத்தன் இருக்கோணுமல்ல."

பாத்தீங்களா பேச்ச? கூட வளந்தவன உட்டுப்போட்டுப் போறதுக்கு ஊரு மேல பழி. அன்னையோட மாப்ள மச்சான் போச்சு. அதுக்கப்பறம் எல்லாம் மன்றத்துலதான் பேச்சு. நான் 'தலைவர் அவர்களே'ம்பேன், அவன் 'மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களே'ம்பான். அப்படி ஒரு மரியாதைங்க. கத்தியில தேன் தடவுன மாதிரி.

நீங்க ஊரச் சுத்திப் பாருங்க, உங்களுக்கே புரியும். ஒருக்கா அவன் தலைவர், ஒருக்கா நான், இப்படியே மாறி மாறி வந்தோம். அவன் இருந்தப்ப ஈஸ்வரன் கோயில் பக்கம் ஒரு தண்ணித்தொட்டி கட்டுனான். நான் தலைவரானதும் மாரியம்மன் கோயில் பக்கம் அதைவிட ஒசரமா ஒண்ணு கட்டுனேன். அவன் ரோட்டுக்குக் கெழபுறம் நிழற்குடை போட்டான், நான் மேபுறம் போட்டேன். பஸ் ரெண்டுலயும் நிக்கறதில்ல, அது வேற கத. நான் லைப்ரரி கொண்டாந்தேன், அவன் அதுக்குப் பக்கத்துலயே பொம்பளைங்க தையல் பழக ஒரு கட்டடம் கொண்டாந்தான். சுத்தி இருக்கற ஊர்க்காரங்க எல்லாம் உங்கூருக்கு மட்டும் எப்படிய்யா இத்தன வருதும்பாங்க. எல்லாம் நான் அவன உடாமத் தொரத்துனதுதான். இல்லீன்னா அந்த ஆளு ஒரு கல்லு நட்டிருப்பானா?

என் சம்சாரம் தெய்வாத்தா தவறுனப்ப நடந்ததச் சொல்லோணும். அப்பவும் அவன்தான் தலைவர். எளவு ஊட்டுக்குள்ள வரலீங்க அவன். தெரு முக்குல கைய கட்டீட்டு நின்னான், வெடியால இருந்து எடுக்கற வரைக்கும். எங்க கட்சிக்காரங்க சொன்னாங்க, கூட்டம் எத்தனன்னு எண்ண வந்திருக்கான்னு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். வேற எதுக்கு வெயில்ல நிக்கோணும்? அன்னைக்குப் பாத்துத் தண்ணி லாரி ஒண்ணு தானா வந்து நின்னுது. நாங்க யாரும் சொல்லல. சுடுகாட்டுத் தடத்துல முள்ளு வெட்டிச் சுத்தமா இருந்துச்சு. தடம் பாத்துட்டு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுங்க. என் ஊட்டுச் சாவுலயும் வந்து பேரு வாங்கறான் பாருன்னு.

அவ போனதுக்கப்பறம் புள்ளைங்க வந்து இருந்துட்டுப் போயிட்டாங்க. மக பெங்களூர்ல. பையன் கனடாவுல. அங்க இப்ப ராத்திரியா பகலான்னே எனக்கு நெனப்பு நிக்கறதில்ல. வாப்பான்னு ரெண்டு பேருமே கூப்புட்டாங்க. நான் எங்கீங்க போறது? இங்க மன்றத்துல ஒருத்தன் அராஜகம் பண்ணிட்டிருக்கான், அவன யாரு கேக்கறது?

மொத கொஞ்ச நாள் நான் வெளியவே போகலீங்க. சோறாக்கவும் மனசில்ல, திங்கவும் மனசில்ல. டிவியப் போட்டு உட்டுட்டு சேர்ல உக்காந்திருப்பேன். பாக்கறதுக்கில்ல, ஊட்டுக்குள்ள பேச்சுச் சத்தம் கேக்கோணுமே. கூட்டத்துக்கும் போகல. அந்தச் சமயம் பாத்து அந்த ஆளு வேலையக் காட்டுனான். என் ஊட்டு முன்னால இருக்கற கம்பத்துல மட்டும் லைட் எரியல. தெரு பூராவும் எரியுது, இங்க மட்டும் இருட்டு. எனக்கு வந்த கோவத்துக்கு, சட்டையக்கூடச் சரியா மாட்டாம ஆபீசுக்குப் போனேன். உள்ள உக்காந்திருக்கான், பெரிய மகாராசா மாதிரி.

"என்னங்க உறுப்பினரே, ஆளே காணம்?"ங்கறான்.

"லைட்டப் புடுங்கிப்போட்டு ஆளக் காணமா?"ன்னேன்.

"அப்படிங்களா? எனக்குத் தெரியாதே. உக்காருங்க, லைன்மேன் வரட்டும், கேட்டுப்போடலாம்."

லைன்மேன் மத்தியானம் வரைக்கும் வரல. நானும் உட்டுட்டு வருவனா? அங்கயே உக்காந்தேன். எல்லாருக்கும் டீ வந்துச்சு. எனக்கும் ஒண்ணு. குடிச்சா இனிப்பே இல்ல. "எதிர்க்கட்சிக்குச் சக்கரை இல்லாமக் குடுக்கச் சொன்னேன்"னு எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றான். எனக்குச் சக்கரை நோவு இருக்குதுங்கறத ஊருக்கே தண்டோராப் போடற மாதிரி! எனக்கு அவமானமாப் போச்சுங்க.

லைட்டப் போட்டாங்க. அடுத்த வாரம் சாக்கடை அடைப்பு, அதுவும் என் வாசலுக்கு நேரா. மறுக்கா ஆபீசு, மறுக்கா சண்டை. அது சரியானதும் குப்பை வண்டி என் ஊட்டத் தாண்டிப் போகுது, நிக்கறதில்ல. மறுக்கா போனேன். இப்படியே ஒண்ணு மாத்தி ஒண்ணு. நான் ஒரு வாரம் ஆபீசுக்குப் போகலீன்னா ஏதாச்சும் ஒரு லொள்ளு பண்ணாம இருக்க மாட்டானுங்க. மக போன்ல சொல்றா, "அப்பா, உங்க குரல் இப்பத்தான் பழைய மாதிரி இருக்குது"ன்னு. இருக்காம? அந்த ஆளோட கத்திக் கத்தித் தொண்டையே தொறந்து போச்சு.

அப்பறந்தான் சந்தை வந்துச்சு.

நீங்க எறங்குன முக்குல புதுசாக் கட்டியிருக்குது பாருங்க, வாரச்சந்தைக் கட்டடம். முன்ன வெறும் பொட்டல். மழை பெஞ்சா தக்காளியும் கத்திரிக்காயும் சேத்துல மொதக்கும். அவன் மேலிடத்துல போய் நின்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தான். நான் எதிர்த்தேன். எதுக்கு எதிர்த்தீங்கன்னு நீங்க கேப்பீங்க. அவன் கொண்டாந்தா நான் எதிர்க்கோணுமல்ல? எதிர்க்காம உட்டா கூரை சாயும், தூணு வெடிக்கும். ஒவ்வொரு கூட்டத்துலயும் எந்திரிச்சேன். வண்டி நிறுத்த எடமெங்க? கெழவிங்க ஏற வர்ற மாதிரி படி இருக்குதா? கறிக்கடையையும் பூக்கடையையும் ஒட்டி வெச்சா நாத்தம் என்னாகும்? கேப்பேன். அவன் ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சுப் பதில் சொல்லுவான். சில நாள் ரெண்டு பேரும் பேசிட்டிருக்கறப்பவே மத்த உறுப்பினருங்க எல்லாம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிடுவாங்க. நாங்க பாட்டுக்குப் பேசிட்டிருப்போம். கிளார்க்கு மட்டும் கொட்டாவி உட்டுட்டு உக்காந்திருப்பாரு.

வேல பாதியில இருக்கறப்ப அவனுக்கு ஒடம்புக்கு முடியாமப் போச்சு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சேத்துனாங்க. என்ன நோவுன்னு யாரும் வெளிய சொல்லல. அந்த மாசக் கூட்டத்துக்குத் துணைத் தலைவர் ஈஸ்வரமூர்த்திதான் தலைம. நான் வழக்கம்போல எந்திரிச்சேன். "சந்தைத் தரை மேக்கால சாஞ்ச மாதிரி இருக்குது. பெருமழை பெஞ்சா அந்தத் தண்ணி எங்க போகும்? நேரா மாதாரித் தெருவுக்குள்ளதான் போகும். அதுக்கு என்ன ஏற்பாடு?"ன்னு கேட்டேன். நல்ல கேள்விங்க. ரெண்டு நாள் அங்க நின்னு நடந்து பாத்துக் கண்டுபுடிச்ச கேள்வி. ஈஸ்வரமூர்த்தி முழிக்கறாப்ல. "தலைவர் வந்ததும் பதில் சொல்லுவாருங்க"ன்னுட்டு ஒக்காந்துட்டாப்ல.

சரி, வரட்டும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலியான்னு கேக்கறீங்களா? போகலீங்க. போனா என்ன சொல்லுவாங்க? சீட்டு காலியாகுதான்னு பாக்க வந்திருக்கான்னு சொல்லுவாங்க. நாலு பேரு கண்ணுல அப்படிப் படக்கூடாதல்ல. ஒருக்கா கோயமுத்தூர் வரைக்கும் போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல எதுத்தாப்ல ஒரு பேக்கரியில உக்காந்திருந்தேன். அவங்க கட்சிக்காரங்க போறாங்க, வர்றாங்க. நான் தெரியாத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பஸ் ஏறிட்டேன். எனக்கு அங்க வேற சோலி இருந்துச்சு. என்ன சோலின்னு இப்ப நெனப்பு இல்ல.

அதுக்கப்பறம் அவன ஊட்டுக்குக் கொண்டாந்தப்பவே முடிஞ்சுபோச்சுங்க.

அந்தப் பச்சைக் கேட்டுக்குள்ள நான் அத்தன வருசத்துக்கப்பறம் அன்னைக்குத்தான் போனேன். மாலை போட்டேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க, இவன் அழுவானா சிரிப்பானான்னு. நான் ரெண்டும் பண்ணல. எனக்கு மனசுல ஒரே கேள்விதான். தண்ணி எங்கடா போகும்? அதச் சொல்லிப்போட்டுப் போயேன்டா.

அதுக்கப்பறம் புதுத் தலைவர் தேர்ந்தெடுக்கோணும்னு வந்துச்சு. நான் தயாரானேன். அவங்க கட்சியில யார நிறுத்துவாங்க, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் சாயும்னு மூளையப் போட்டுக் கொழப்பிட்டிருந்தேன். தேர்தலன்னைக்குப் போனா, ஈஸ்வரமூர்த்தி என் கையப் புடிச்சுட்டு, "பெரியவரே, நீங்களே இருங்க. எங்க பக்கத்துல யாரும் நிக்கல"ங்கறாப்ல. போட்டியே இல்ல. கையத் தட்டுனாங்க, மாலை போட்டாங்க, நாற்காலியில உக்கார வெச்சாங்க. அவ்வளவுதான். இத்தன வருசம் இதுக்காக அடிச்சுக்கிட்டோம், பந்தியில எலையப் போடற மாதிரி போட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து மாலையக் கழட்டி ஆணியில மாட்டிப்போட்டு உக்காந்தேன். ஜெயிச்சவன் ஊடு மாதிரியா இருந்துச்சு? ஒரு வேட்டுச் சத்தம்கூட இல்ல.

நாற்காலியில உக்காந்ததும் மொத வேலையா சந்தை இஞ்சினியரக் கூப்புட்டேன். "தம்பி, மேக்கால தண்ணி எங்க போகும்?"

அந்தத் தம்பி சொல்லுது, "அதுக்கு அடியிலயே பெரிய கால்வா போட்டாச்சுங்களே. மாதாரித் தெருவத் தொடாமச் சுத்தி ஓடைக்குப் போயிரும்."

"யாரு போடச் சொன்னது?"

"பழைய தலைவருதானுங்க. எது போட்டாலும், 'இதுல நாச்சிமுத்து என்ன கேப்பான்னு மொதல்ல யோசிங்கய்யா'ம்பாருங்க. அவரே உங்கள மாதிரி எந்திரிச்சு நின்னு, கைய நீட்டிக் கேள்வியெல்லாம் கேட்டுக் காட்டுவாருங்க. நாங்க சிரிப்போம்."

பாத்துக்கங்க! எத்தன பயம் இருந்திருந்தா அப்படி நடிச்சுப் பாத்திருப்பான் அந்த ஆளு. ஆனா பதில கையில வெச்சுக்கிட்டே சொல்லாமப் போயிட்டான் பாருங்க, அதத்தான் என்னால தாங்கமுடியல.

கருமாதியெல்லாம் முடிஞ்சு, அவன் சம்சாரம் ருக்குமணியப் பாக்கப் போனேன். தலைவருங்கற மொறையில. அந்தப் புள்ள என்னைய அண்ணான்னுதான் கூப்புடும், அன்னையில இருந்து இன்னை வரைக்கும். தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு உக்காந்து அழுதுச்சு. அப்பறம் சொல்லுச்சு, "வெடியால எந்திரிச்சதும் காப்பி கேக்க மாட்டாருங்ணா. மொதல்ல, 'அவன் ஊட்டுக் கதவு தொறந்துருச்சான்னு பாத்துட்டு வா'ம்பாரு. தொறந்துருக்குன்னு சொன்னாத்தான் டம்ளரத் தொடுவாரு."

துக்க ஊட்டுல என்னத்தப் பேசறது. ஆனா உங்ககிட்டச் சொல்றேன் அம்மிணி, ஊட்டுப் பொம்பளைய உட்டு வேவு பாத்திருக்கான் பாருங்க. தினமும்! அரசியலுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?

சரி, இப்ப ஊரு சொல்ற விசயத்துக்கு வர்றேன்.

சந்தை கட்டி முடிஞ்சுது. தெறப்பு விழா வைக்கறதுக்கு முன்னால, போன கூட்டத்துல ஈஸ்வரமூர்த்தி ஒரு தீர்மானம் கொண்டாந்தாப்ல. சந்தைக்கு அர்த்தனாரி பேர வைக்கலாம்னு. வாசிச்சுப்போட்டு எல்லாரும் என்னப் பாக்கறாங்க. ருக்குமணியும் அவங்க மருமகனும்கூட வந்து பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தாங்க.

நான் எந்திரிச்சேன். தலைவர் எந்திரிக்க வேண்டியதில்லதான், ஆனா உக்காந்துட்டே பேசி எனக்குப் பழக்கமில்ல. "நான் இதை எதிர்க்கறேன்"ன்னேன்.

அம்மிணி, அப்படிப் பாக்காதீங்க. சொல்றதக் கேளுங்க. நான் எதிர்க்காம வேற யாரு எதிர்ப்பா? அவன் பேருல ஒரு தீர்மானம் வந்து, அதை நான் எதிர்க்காம உட்டுட்டேன்னா, அது அர்த்தனாரிக்கு மரியாதையா? அவன் கொண்டாந்த ஒரு கல்லு, ஒரு கொழாய், நான் சண்டை போடாம உள்ள வந்ததில்ல. 'சந்தை ஊருச் சொத்து, தனி ஆளு பேரு எதுக்கு'ன்னு கேட்டேன். 'நாளைக்கு ஆளாளுக்குப் பேரு வைக்கக் கெளம்பினா ஊரு என்னாகும்'னு கேட்டேன். எல்லாம் அடிக்கறதுக்கு வாட்டமா எடம் உட்டுத்தான் பேசுனேன். ஒருத்தன் எந்திரிச்சு, 'அப்படீன்னா லைப்ரரிக்கு உங்க அப்பன் பேர எதுக்கு வெச்சீங்க'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா நான் காலி. சின்னப் புள்ளைக்குத் தெரியுங்க இது. கேப்பாங்க, கேப்பாங்கன்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கறேன்.

ஒருத்தரும் வாயத் தொறக்கல.

ஈஸ்வரமூர்த்தி எந்திரிச்சாப்ல. அப்பாடா, வந்துட்டான்னு நெனைச்சேன். "தலைவர் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். தீர்மானத்தக் கைவிட்டர்லாம்." அத்தனதான். எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. கிளார்க்கு எழுதிக்கிட்டாரு, ஏகமனதாகன்னு.

"ஏய்யா, அந்த ஆளு கையில சோறு தின்னீங்களே, அவன் போட்ட பிச்சையில உறுப்பினரானீங்களே, அவனுக்காகப் பேச ஒருத்தனுக்கும் வாயில்லியா?"ன்னு கத்துனேன். நான் நக்கல் பண்றேன்னு நெனைச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. திரும்பிப் பாத்தா பின்னால பெஞ்சு காலி.

அடுத்த நாள் ருக்குமணிகிட்டப் போனேன். வெளக்கிச் சொல்லலாம்னு. வாசல்ல நின்னுச்சு, உள்ள வாங்கன்னு சொல்லல. "அவரு உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுனதில்லீங்ணா"ன்னு மட்டும் சொல்லிச்சு. சத்தமா இல்ல, மெதுவாத்தான் சொல்லிச்சு. மெதுவாவே கதவச் சாத்திக்கிச்சு.

ஒரு வார்த்த தப்பாப் பேசுனதில்லியாமா! மேடையில என்னக் கிழி கிழின்னு கிழிச்சது யாரு? அதெல்லாம் அந்தப் புள்ளைக்கு எங்க தெரியும். ஆனா அந்தக் கதவு சாத்துன சத்தம் இருக்குதே, அது இன்னும் காதுல இருக்குதுங்க.

அதுல இருந்து யாரும் வர்றதில்ல. ஆபீசுக்குப் போனா எல்லாம் சரிங்க, ஆகட்டுங்க. நான் ஒரு கோப்பத் தூக்கி ஓரமா வெச்சாலும் சரி, கிழிச்சுப் போட்டாலும் சரி. போன வாரம் வேணுமின்னே சொல்லிப் பாத்தேன், தண்ணித்தொட்டிய இடிச்சுப்போடலாமான்னு. 'தலைவர் இஷ்டமுங்க'ங்கறாங்க. நல்லா இருக்கற தொட்டிங்க அது! அவன் கட்டுனது, ஒரு சொட்டு ஒழுகாது.

சித்த இருங்க. உங்கள உக்கார வெச்சு இத்தன பேசறதுக்கு ஒரு காரணம் இருக்குது. அடுத்த கூட்டத்துக்கு என்னென்ன பேசறதுன்னு நீங்கதான எழுதி அனுப்புவீங்க. அதுல சந்தைக்குப் பேரு வைக்கற விசயத்த மறுக்கா சேருங்க. ஒருக்கா உட்டத உடனே வைக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாச்சும் இருந்தா, கொஞ்ச மாசம் போகட்டும், காத்திருக்கறேன். நான் மறுக்கா எதிர்ப்பேன். அது என் சோலி. ஆனா நீங்க அதுக்குள்ள யாராச்சும் ஒரு உறுப்பினரப் பாத்துப் பேசி வைங்க. அந்த மூணாவது வார்டுப் புள்ள தனலட்சுமி இருக்குது, படிச்ச புள்ள, கொஞ்சம் துடுக்கு. அதுகிட்டச் சொல்லுங்க. லைப்ரரி விசயத்தச் சொல்லிக் குடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்க. நான் கத்துவேன், மேசையத் தட்டுவேன், பயப்படக்கூடாது. 'உக்காருய்யா நாச்சிமுத்து'ன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. நான் உக்காந்துக்கறேன். தோத்துப்போனேன்னு ஊரே சிரிக்கட்டும், அவன் பேரு அங்க ஏறட்டும்.

என்னங்க? நானே ஆமான்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுதேங்கறீங்களா?

அம்மிணி, நீங்க வெளியூரு. உங்களுக்கு அர்த்தனாரியத் தெரியாது. நான் ஆமான்னு சொல்லி அவன் எதையும் ஜெயிச்சதில்லீங்க. என்னய மீறித்தான் ஜெயிச்சான். நான் சும்மா தூக்கிக் குடுத்தா அத அவன் வாங்க மாட்டான். செத்தாலும் வாங்க மாட்டான்.

அதனாலதான் உங்ககிட்டக் கேக்கறேன். என்ன சொல்றீங்க? இதுல தப்பு இருந்தா தப்புன்னு சொல்லுங்க. இப்படியெல்லாம் பண்ண முடியாது, சட்டத்துல எடமில்ல, நீ என்ன பெரிய இவனான்னு கேளுங்க. கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன். சொல்லுங்கம்மிணி.

சரிங்களா?

ஏனுங்கம்மிணி... நீங்களும் சரின்னே சொல்றீங்களே.